அம்மா ஸ்லீவ்லெஸ் போடுகிறார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 33 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, சனி ஞாயிறு புதுச்சேரிக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு 61. பள்ளிக்கூட டீச்சராக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனார். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. வேலையில் இருந்தவரை காட்டன் புடவை, முழங்கை வரை ஜாக்கெட், தோளில் பின் குத்தாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். இப்போது ஸ்லீவ்லெஸ் குர்தி, முழங்காலோடு நிற்கும் கவுன் என்று போட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் இரண்டு தோழிகளோடு பீச் ரோட்டில் வாக்கிங். போன மாதம் கடலூரில் ஒரு ரிசப்ஷனுக்கு முதுகு நன்றாகத் தெரியும் ஜாக்கெட் போட்டார், அதற்கு மேட்சாகக் குஞ்சம் தேடி நேரு வீதி முழுக்க அலைந்தாராம். பெரியம்மா எல்லோர் முன்னாலும் ‘வயசுக்கேத்த மாதிரி இருக்க வேணாமா’ என்று கேட்டார். பெரியம்மா மகன் பின்னாலிருந்து போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பெண் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நானே ஸ்லீவ்லெஸ் போடுகிறவள்தான், கட்டுப்பெட்டி இல்லை. ஆனால் அம்மாவை அப்படிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் இப்படி உடுத்தியிருப்பாரா? இது ஏதாவது மனப் பிரச்சினையா? அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
— வாசகி, லாஸ்பேட்டை

பதில்: மனப் பிரச்சினையா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதைக் கேட்டது தப்பில்லை. உடுத்தும் விதம் மாறுவது சில நோய்களின் அறிகுறியாக இருப்பதுண்டு. ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்று ஒரு வகை மூளைத் தேய்வு இருக்கிறது, பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும், அதில் ஞாபகம் போவதற்கு முன்னாலேயே குணம் மாறிவிடும். ஆடை விலகியிருந்தால்கூட உறைக்காது, முன்பின் தெரியாதவரிடம் கண்டதைப் பேசுவார்கள், இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார்கள், வீட்டில் யாராவது உட்கார்ந்து அழுதால்கூட ஒன்றும் நடக்காத மாதிரி டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேனியா என்ற நிலையிலும் திடீரென்று பளபளவென உடுத்துவது உண்டு, ஆனால் அதோடு தூக்கம் குறையும், பேச்சு நிற்காது, பேங்க்கில் இருக்கும் பணம் கரையும், சண்டை வரும். இதில் எதுவாவது உங்கள் அம்மாவிடம் இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி ஒன்றுமே தெரியவில்லை. குறித்த நேரத்துக்கு வாக்கிங் போகிறார், கூடப் போக ஆள் வைத்திருக்கிறார், டெய்லரிடம் அளவு கொடுத்து, பின்கழுத்து இறக்கம் இவ்வளவு வேண்டும் என்று சொல்லித் தைத்து வாங்கி, அந்த வெயிலில் நேரு வீதி முழுக்க அலைந்து பார்டர் நிறத்துக்குக் குஞ்சம் தேடியிருக்கிறார். புத்தி தடுமாறியவர் செய்கிற வேலையா இது? குஞ்சத்துக்காக அவ்வளவு அலைந்தவர் தான் என்ன போடுகிறோம் என்று நன்றாகத் தெரிந்தே போடுகிறார். ஆகவே மருத்துவரிடம் காட்டும் விஷயமாக இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சொல்லப்போனால் அதைவிட அவமானம் அவருக்கு வேறு இருக்காது.

சரி, இப்போது உங்கள் கூச்சத்துக்கு வருவோம். ‘நானே ஸ்லீவ்லெஸ் போடுகிறவள்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியில் பாதி பதில் இருக்கிறது. அப்படியென்றால் கை இல்லாத ஜாக்கெட்டில் உங்களுக்குத் தகராறு இல்லை, அந்தக் கை யாருடையது என்பதில்தான். 33 வயதுக் கை பரவாயில்லை, 61 வயதுக் கை, கொஞ்சம் தொளதொளவென்று, அம்மைத் தடுப்பூசித் தழும்போடு, வெளியே தெரிந்தால் சங்கடம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் வருவதும் இல்லை, இந்த ஊரில் என்னிடம் வந்து உட்காருகிற பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா உடம்பைப் பற்றி ஏதோ ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருப்பீர்கள். மீன் கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், அறுபது எழுபது வயது, புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, முந்தானை எங்கேயோ கிடக்க, வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்து யாராவது ‘வயசுக்கேத்த மாதிரி’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உங்கள் பெரியம்மாவே பேரம் பேசி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வருவார். அதே பெரியம்மா புடவை கட்டும்போது இடுப்பில் ஒரு சாண் வெளியே தெரியும், அதை அவரும் கவனித்திருக்க மாட்டார், நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் புடவையில் தெரியும் உடம்பை உடம்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நமக்குள் ஒரு பேசாத ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் அம்மாவின் கவுன் இடுப்பு, வயிறு, முதுகு எல்லாவற்றையும் மூடுகிறது. டேப் வைத்து அளந்தால் பெரியம்மாதான் அதிகம் காட்டுகிறார், அளந்து பார்க்கும் தைரியம் நம்மில் யாருக்கும் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் நைட்டி. காலையில் பால் வாங்க, குப்பை வண்டிக்கு ஓட, மாடியிலிருந்து கூடை இறக்கிக் கீரை வாங்க, தெரு முழுக்க நைட்டிதான், மேலே ஒரு துண்டு போட்டால் போதும், அது எதையும் மறைக்காவிட்டாலும் மரியாதை வந்துவிடுகிறது. அதுவும் எல்லா ஊரிலும் செல்லாது. 2018-ல் ஆந்திராவில், மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலபள்ளி என்ற கிராமத்தில் பகலில் நைட்டி போட்டு வெளியே வந்தால் 2000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். லாஸ்பேட்டையில் யாரும் திரும்பிப் பார்க்காத துணி அங்கே அபராதம். உடை ஆபாசமா இல்லையா என்பதைத் துணி தீர்மானிப்பதில்லை, பார்க்கிறவர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள், அடுத்த ஊரில் வேறு மாதிரி தீர்மானிக்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒயிட் டவுனில் எழுபது வயது வெளிநாட்டுப் பாட்டி அரை டிராயரும் பனியனுமாக சைக்கிள் மிதித்துக்கொண்டு போனால், ‘இந்த வயசுல என்னா சுறுசுறுப்பு பாரு’ என்போம். மிஷன் வீதி சம்பா கோவில் பூசைக்குக் கவுன் போட்டுக்கொண்டு வரும் பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது, அவர்களை யாரும் ஒன்றும் சொன்னதில்லை, அவங்க பழக்கம் அப்படி என்று விட்டுவிட்டோம். ஆண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பீச் ரோட்டில் காலையில் பாருங்கள், மேல்சட்டை இல்லாமல், தொப்பை முன்னால் போக அவர் பின்னால் போக, அரை டிராயர் மாமாக்கள் எத்தனை பேர், அவர்கள் வயதை யாராவது எண்ணுகிறோமா?

இதை இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் பிடிபடும். உங்கள் கொள்ளுப் பாட்டி காலத்தில் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் ரவிக்கை போடாமல் வெறும் புடவையைச் சுற்றிக்கொண்டு இருந்தது சாதாரணம். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொந்தப் பாட்டியைப் பற்றியே சொல்வார்கள். அப்போது ரவிக்கைக்காரி என்றால்தான் பேச்சு வரும், ‘கிழவிக்கு எதுக்குடி ரவிக்கை’ என்பார்கள். அதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெற்கே திருவிதாங்கூரில் நேர் எதிராக நடந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் நாடார் பெண்கள் மேலே துணி போட்டதற்காக அடி வாங்கினார்கள், அவர்கள் துணி கிழிக்கப்பட்டது, தோள்சீலைக் கலகம் என்று அது பல பத்தாண்டு ஓடி 1859-ல்தான் அவர்கள் மேலாடை போடலாம் என்று மன்னர் ஆணை வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூடினால் திமிர், மூடாவிட்டால் ஆபாசம், ஆக எப்போதும் யாரோ ஒருவர் சொல்லத்தான் வேண்டும் போல.

நான் பார்த்தவரையில் வயதான பெண்கள் விஷயத்தில் இப்படித்தான் இருக்கிறது. ரவிக்கை போடாத பாட்டியையும், முழங்கால் தெரிய மீன் வெட்டும் அம்மாவையும், துண்டு போட்ட நைட்டி மாமியையும் நாம் விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அவர்கள் தங்களை யாரும் பார்க்கும் பொருளாக நினைக்கவில்லை, ‘என் காலம் முடிஞ்சுபோச்சு’ என்று அந்த உடையே சொல்லிவிடுகிறது. உங்கள் அம்மா கண்ணாடி முன்னால் நின்று, பின்கழுத்து இறக்கம் பார்த்து, குஞ்சம் சரிபண்ணி, தன்னைத் தானே பார்த்து ரசித்திருக்கிறார். அந்த ரசனைதான் உங்கள் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த தோல் எவ்வளவு என்பது சாக்கு. அதே ஜாக்கெட்டை அழுக்குப் புடவையோடு, வெக்கை தாங்காமல் போட்டிருந்தார் என்றால் ‘பாவம், புழுக்கம்’ என்று விசிறி கொடுத்திருப்பார்கள்.

புழுக்கம் என்றதும் ஒன்று. மெனோபாஸுக்குப் பின் திடீர் திடீரென்று உடம்பு சூடேறி வியர்த்துக் கொட்டுவது பல பெண்களுக்கு வருஷக்கணக்கில் தொடரும், சிலருக்கு அறுபது தாண்டியும் விடுவதில்லை, கடலோர ஈரக் காற்றில் முழங்கை வரை ஜாக்கெட் போட்டுக்கொண்டு அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆனால் இதைப் போய் உறவினர்களிடம் காரணமாகச் சொல்லாதீர்கள். ‘டாக்டர் சொன்னார்’ என்று சொன்னால் வாயை மூடுவார்கள்தான், ஆனால் அம்மாவுக்குப் பிடித்த உடையை மருந்துச் சீட்டாக மாற்றிவிடுவீர்கள். பிடிக்கிறது என்பதே போதுமான காரணம்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. ‘அப்பா இருந்திருந்தால் இப்படி உடுத்தியிருப்பாரா?’ ஒருவேளை உடுத்தியிருக்க மாட்டார். அதனால் அப்பா கொடுமைக்காரர் என்றோ, அம்மா இத்தனை வருஷம் அடிமையாக இருந்தார் என்றோ ஆகிவிடாது. அவரவர் வீட்டில் ஒரு பழக்கம், அதற்குள் ஒரு சந்தோஷமும் இருந்திருக்கும். ஆனால் அந்த முழங்கை ஜாக்கெட்டை அம்மாவே தேர்ந்தெடுத்தார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? டீச்சர் சுடிதார் போடலாமா கூடாதா என்பதே வருஷக்கணக்கில் விவாதமாக ஓடிய துறை அது. காலையில் ஸ்கூலுக்கான உடம்பு, சாயங்காலம் வீட்டுக்கான உடம்பு. பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான், யாரும் கேட்காத ஒரு சாயங்காலம் அவருக்குக் கிடைத்திருக்கிறது. கணவர் போன பெண்ணுக்குப் பொட்டும் பூவும் எடுத்து வெள்ளை கட்டிவிடுவது நம் வீடுகளில் பெரும்பாலும் போய்விட்டது, சரி. ஆனால் அதன் மிச்சம் ‘அடக்கமான கலரா எடுங்க’ என்ற ஜவுளிக்கடைப் பேச்சில் இன்னும் இருக்கிறது, பெரியம்மா சொன்னதிலும் இருக்கிறது. வயசுக்கேத்த மாதிரி என்று வாய் சொன்னது, தாலி இல்லாத கழுத்தைத்தான் கண் பார்த்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் பெரியம்மாவைத் தெரியாது, அதனால் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த மாதிரிக் கடிதம் எழுதும் பிள்ளைகள் நேரில் வந்து பேசினால், சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: அம்மாவுக்கு யாராவது இருக்கிறார்களோ? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், அலங்காரம் என்றாலே ஆணுக்காகத்தான் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். பெரும்பாலும் அப்படி யாரும் இருப்பதில்லை. இரண்டு தோழிகள், ஒரு வாக்கிங், திரும்பி வரும்போது ஒரு சுண்டல், அவ்வளவுதான். அப்படியே யாராவது இருந்தாலும் 61 வயதில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு, அதில் நீங்கள் அனுமதி தர ஒன்றும் இல்லை. அம்மா இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தால் அப்பா மறந்துபோய்விடுவாரோ என்று உங்களுக்குள் ஒரு துக்கம் இருக்கலாம், அது நியாயமான துக்கம், அதற்கும் கவுனுக்கும் முடிச்சுப் போடாமல் தனியாக அழுது தீர்த்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் அம்மாவோடு சேர்ந்தே அழுங்கள். நாலு வருஷத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேசினீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை.

சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம். ஆனால் உங்களுடையதை உங்களுடையதாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவர் ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு புழுங்குவார். ஒரு சனிக்கிழமை அவரோடு நீங்களும் வாக்கிங் போங்கள். சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் ரோட்டின் நடுவிலேயே நடக்கலாம். தலைமைச் செயலகத்திலிருந்து காந்தி சிலை தாண்டி டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்பினால் பேச நேரம் தாராளமாக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்காமல் பேசலாம், கஷ்டமான பேச்சுக்கு அது பெரிய சௌகரியம். ‘அம்மா, உன்னை இந்த டிரஸ்ல பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கு, ஏன்னு எனக்கே தெரியல, நீ மாத்திக்கணும்னு சொல்லல.’ இவ்வளவு போதும். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி, ‘உனக்கு எப்ப இருந்து இந்த ஆசை?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வருகிற பதிலில் பத்தொன்பது வயசில் தைத்துப் போட்டுப் பார்க்காமலே அக்காவுக்குக் கொடுத்த ஒரு ஜாக்கெட் கதை இருந்தாலும் இருக்கும். அந்த அக்கா இன்றைக்கு யாராக இருக்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

போகிற போக்கில் ரோட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். அவரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. நூறு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கவுன் அம்மாவைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஊர் முழுக்கப் பேசுகிறது என்று நாம் நினைப்பது பல நேரம் இரண்டு சித்தி, ஒரு பெரியம்மா, எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று. உண்மையிலேயே எவனாவது கமெண்ட் அடித்தால், சைகை காட்டினால், அதற்கு அம்மா உடை காரணம் ஆகாது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-ஆம் பிரிவு இருக்கிறது, பழைய ஐ.பி.சி. 509, பெண்ணை அவமதிக்கும் நோக்கத்தில் பேசினாலும் சைகை செய்தாலும் மூன்று வருஷம் வரை தண்டனை, அந்தப் பெண்ணுக்கு வயது வரம்பும் போடவில்லை, அவர் என்ன உடுத்தியிருந்தார் என்றும் அதில் எழுதவில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவர் போனில் பதிந்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் தாராளமாகச் சொல்லலாம், அதைச் சொல்லாமல் இருப்பதுதான் துரோகம்: தையல் சரியில்லை என்றால் சொல்லுங்கள். ஸ்லீவ்லெஸ்ஸில் கைக்குழியைப் பெரிதாக வெட்டிவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே பிரா பட்டை தெரியும், பின்கழுத்து இறக்கம் வைத்த ஜாக்கெட்டில் தோள்பட்டை அளவு பிசகினால் நாடா கட்டினாலும் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும், பாதி டெய்லர்கள் வயதானவர் என்றதும் உடம்பைச் சரியாக அளக்காமல் ‘லூசா இருக்கட்டும்மா’ என்று தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் தோழியிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி, ‘இந்தக் கைக்குழியை அரை இஞ்ச் பிடிக்கச் சொல்லு, அந்த நீலம் உனக்கு நல்லா இருக்கு, பச்சை வேணாம்’ என்று சொல்லுங்கள். இதை அவர் சந்தோஷமாகக் கேட்பார், உங்களுக்கும் அந்தக் கூச்சம் எங்கே போனது என்று தெரியாது. செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன், தீபாவளிக்கு முழுக்கை சுடிதார் வாங்கிக்கொண்டு வந்து கையில் திணிப்பது, ‘நம் பண்பாடு’ ஃபார்வர்ட் அனுப்புவது, சித்தியை விட்டுச் சொல்லச் சொல்வது. டீச்சராக இருந்தவர், யார் தூண்டி யார் பேசுகிறார்கள் என்று முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பெரியம்மாவிடம் பேசுவதைப் பொறுத்தவரை நீளமான விவாதத்துக்குப் போகாதீர்கள், ஜெயிக்க முடியாது. இனி சபையில் அப்படிக் கேட்டால், ‘எனக்கு அழகா இருக்கிற மாதிரிதான் தெரியுது பெரியம்மா, சாப்பிட்டீங்களா?’ என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். நீங்கள் மகள், நீங்கள் வாயைத் திறந்து இதைச் சொன்னால் அங்கே இருக்கும் நாலு பேர் அடங்குவார்கள். அன்றைக்கு ரிசப்ஷனில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அம்மா கண்டிப்பாக உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்.

தம்பி விஷயம். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே ‘அம்மா கொஞ்சம் மாடர்ன்’ என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒன்றும் சொல்லி வைக்க வேண்டாம். பெண் பார்க்கப் போகும்போது என்ன கட்ட வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும், மணக்குள விநாயகர் கோவிலுக்குக் கவுன் போட்டுக்கொண்டு அவர் போகவில்லையே. இத்தனை வருஷம் பெற்றோர் கூட்டம், கலெக்டர் விசிட் எல்லாம் பார்த்தவருக்கு இடம் பொருள் நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அநேகமாகப் பட்டுப் புடவைதான் கட்டுவார், கையில்லாத ஜாக்கெட்டோடு கட்டினாலும் கட்டிவிட்டுப் போகட்டும். மாமியார் ஸ்லீவ்லெஸ் போடுகிறார் என்று ஒரு வீட்டில் சம்பந்தத்தையே நிறுத்தினால், வரப்போகும் பெண்ணுக்கும் அந்த வீட்டில் எத்தனை விதி இருந்திருக்கும் என்று தம்பி யோசித்துக்கொள்ளட்டும். சில பெண்களுக்கு இந்த மாமியாரைப் பார்த்தால் நிம்மதியாகக்கூட இருக்கும், நைட்டிக்குத் துண்டு கேட்காத வீடு என்று.

நீங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது உங்கள் கடிதத்தில் பாதி வரியில் வந்து போய்விட்டது, அந்த போட்டோ. பின்னால் நின்று, கேட்காமல், ஒரு பெண்ணின் முதுகைப் படம் எடுத்து முப்பது நாற்பது பேர் சிரிக்கப் போட்டிருக்கிறான் உங்கள் அண்ணன், அதில் உங்களுக்குக் கோபம் வராமல் அம்மா மேல் கூச்சம் வந்திருக்கிறது. யார் ஒழுக்கம் தவறினார்கள் என்று தேடினால் அந்த மண்டபத்தில் அவன் ஒருவன்தான் தென்படுகிறான். இத்தனை நாள் கழித்து எல்லோர் போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப்பில் வழி கிடையாது, ஆனாலும் அவனைக் கூப்பிட்டு, ‘அண்ணா, அதை உன் போனிலிருந்து எடு, குரூப்பில் சித்திகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுது, மத்தவங்களையும் அழிக்கச் சொல்லு’ என்று சொல்லுங்கள். இழுத்தால் பெரியம்மாவிடமே சொல்லுங்கள், மகன் விஷயம் என்றதும் அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம். இதை இந்த வாரமே செய்யுங்கள், சனிக்கிழமை வாக்கிங்குக்கு முன்னால்.